பெரிய குண்டு என்னும் பிரமை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கைத்துப்பாக்கிப் பழக்கமுள்ள இருவர் ஓரிடத்தில் சந்தித்தால், க்ஷேம விசாரணை முடிந்த மறு நிமிஷமே அவர்கள் பேச்சு குண்டின் பருமனைப் பற்றிய தர்க்கமாகத் திரும்பிவிடுவது சகஜம். அந்தத் தர்க்கத்தில் நெடுங்காலமாகப் பெரும்பான்மையோர் நிற்கும் பக்கம் எது என்பதிலும் சந்தேகமில்லை. 9 மில்லிமீட்டர்க் குண்டு எதிரிக்குக் கோபமூட்டத்தான் உதவும் என்றும், .45 அங்குலக் குண்டு தோளில் பட்டாலும் ஆளைத் தூக்கி எறிந்துவிடும் என்றும், ஆகையால் தன் உயிரைக் காத்துக்கொள்ள விரும்புகிறவன் முதற்கண் தேட வேண்டியது பெரிய வாயுள்ள ஆயுதமே என்றும் தந்தை மகனுக்கும், பழைய சிப்பாய் புதிய சிப்பாய்க்கும், கடைக்காரர் வாடிக்கைக்காரருக்கும் மூன்று தலைமுறையாக உபதேசித்து வந்திருக்கிறார்கள். ஆளைத் தடுத்து வீழ்த்தும் இந்த ஆற்றலுக்கு ‘ஸ்டாப்பிங் பவர்’ என்று நாமகரணம் செய்து, அதற்கு அட்டவணைகளும் சூத்திரங்களும் வகுத்துப் பத்திரிகைப் பக்கங்களையும் நிரப்பியிருக்கிறார்கள். நம்மவர்களும் இந்தச் சித்தாந்தத்திற்கு அந்நியரல்லர். திரைப்படத்தில் சுடப்பட்டவன் பத்தடி பின்னால் பறந்துபோய்க் கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு விழுவதைக் கண்டு களித்தவர் யாவரும் இதில் தீக்ஷை பெற்றவர்களே.

இச்சித்தாந்தம் பிழையானது என்பதும், இதன் பக்தர்கள் ஆதாரமாக எடுத்துக்காட்டும் சம்பவங்களையே முழுவதும் படித்துப் பார்த்தால் அவை அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன என்பதும் என் வாதம். அமெரிக்கக் குடிமக்கள் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது தகுமா என்பது வேறு வழக்கு. என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய வழக்கு. எனினும் அதை இங்கே எடுக்கவில்லை. ஆயுதம் தரித்துத்தான் ஆக வேண்டிய போலீஸ்காரரும் சிப்பாயும் எதை நம்பியிருக்க வேண்டும் என்பதே இப்போதைய கேள்வி.

முதலில் ‘தூக்கி எறிதல்’ என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். .45 குண்டின் நிறை ஏறக்குறைய 15 கிராம்; குழலை விட்டுப் புறப்படும் அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 250 மீட்டர். 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவன் அந்தக் குண்டின் உந்தம் முழுவதையும் தன் உடலில் வாங்கிக்கொண்டாலும், அவன் பின்னோக்கி நகரக்கூடிய வேகம் விநாடிக்கு ஐந்தாறு சென்டிமீட்டருக்கு மேற்படாது. தவிரவும், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, குண்டு எவ்வளவு உந்தத்தோடு முன்னே செல்கிறதோ அவ்வளவு உந்தம் சுட்டவன் கையிலும் வந்து தாக்கியே தீரும். சுட்டவன் அசையாமல் நிற்கையில் பட்டவன் மாத்திரம் பறப்பதற்கு இயற்கையில் எவ்வித நியாயமும் இல்லை.

அப்படியானால் சுடப்பட்டவர் பலர் அக்கணமே விழுந்துவிடுகிறார்களே, அது எதனால் என்று கேட்கலாம். இதற்கு விடையை அமெரிக்க மத்தியப் புலனாய்வு நிறுவனமான எஃப்.பி.ஐ.யின் பயிற்சிப் பிரிவைச் சேர்ந்த யூரி பேட்ரிக் 1989-ஆம் ஆண்டு ஜூலையில் எழுதிய அறிக்கையில் காணலாம். மூளையோ மேல் தண்டுவடமோ அடிபட்டாலன்றிக் கைத்துப்பாக்கிக் குண்டு எதுவும் மனிதனை உடனே செயலற்றவனாக்கிவிடாது. இருதயமே சிதைந்துவிட்டாலும், மூளையில் எஞ்சி நிற்கும் பிராணவாயு பத்துப் பதினைந்து விநாடி வரையில் அவனை இஷ்டப்படி இயங்கவைக்கப் போதும். உடனே விழுகிறவர்களில் பெரும்பாலோர், தாம் சுடப்பட்டுவிட்டோம் என்ற உணர்ச்சியினாலேயே விழுகிறார்கள். விழ வேண்டும் என்பதை அவர்களும் திரைப்படத்தில் கற்றிருக்கிறார்கள். மதுவோ வெறியோ திடசங்கற்பமோ ஒருவனுக்கு அந்த உணர்ச்சியை மறைத்துவிடுமானால், குண்டின் விட்டம் அவனை விழவைக்காது. .45 குண்டுக்கும் 9 மில்லிமீட்டர்க் குண்டுக்கும் விட்டத்தில் உள்ள வித்தியாசம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். அதாவது பாதையின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றேகால் மில்லிமீட்டர். சிறிய குண்டு ஒரு பெரிய ரத்தக்குழாயை அந்த ஒன்றேகால் மில்லிமீட்டரில் தவறவிட்டிருந்தால் பெரிய குண்டு அதைத் தொட்டிருக்கும் என்பது மெய்தான். அந்த மயிரிழை லாபத்தின்மேல் ஒரு மதத்தையே ஸ்தாபிப்பது விவேகமாகுமா?

சிறிய குண்டு ஆளை நிறுத்தாது என்ற புகார் சரித்திரத்தில் கைத்துப்பாக்கியிலிருந்து தொடங்கவுமில்லை. 1895-இல் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் சித்ராலில் நடந்த போரில், லீ-மெட்ஃபோர்டு ரைபிளின் .303 குண்டு எல்லைப்புறத்து மலைவாசிகளின் உடலில் ஊடுருவி மறுபுறம் போய்விடுகிறதே தவிர, பாய்ந்து வருகிறவனைத் தடுப்பதில்லை என்று பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளத்தார் முறையிட்டார்கள். அம்முறையீட்டின் விளைவாகக் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதசாலையில் மென்முனைக் குண்டு தயாராயிற்று; அவ்வூரின் பெயர் உலகமெங்கும் அபகீர்த்தி பெற்று, 1899-இல் ஹேக் மாநாட்டில் அத்தகைய குண்டு போரில் விலக்கப்பட்டது. நாம் இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த ரைபிள் குண்டின் சக்தி .45 கைத்துப்பாக்கிக் குண்டின் சக்தியைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதுவே ஆளை நிறுத்தவில்லை என்று புகார் எழுந்திருக்க, ஐந்தில் ஒரு பங்குச் சக்தியுள்ள குண்டுக்கு மந்திர மகிமை கற்பிப்பதை என்னென்பது!

சித்ராலுக்குப் பின் பிலிப்பைன் தீவுகள். அங்கே மோரோக்கள் என்னும் சுதேசிகளோடு பொருதிய அமெரிக்கச் சிப்பாய்கள், தங்களுடைய .38 சுழல் துப்பாக்கி பயனற்றது என்று குறை கூறவே, 1904-இல் காப்டன் தாம்ப்ஸனும் ராணுவ வைத்தியரான மேஜர் லகார்டும் சிகாகோ நகரத்து இறைச்சிக் கொட்டில்களில் உயிருள்ள மாடுகள் மீதும், தவிர மனிதப் பிரேதங்கள் மீதும் பலவகைக் குண்டுகளைச் சுட்டுப் பரிசோதித்தார்கள். ராணுவக் கைத்துப்பாக்கியின் குண்டு .45-க்குக் குறையலாகாது என்று அவர்கள் தீர்ப்பளித்தார்கள். அதன் வழியாக 1911-இல் ஜான் பிரௌனிங் வகுத்த புகழ்பெற்ற பிஸ்டல் ராணுவத்திற்கு வந்தது. .45 கட்சியார் இந்த அறிக்கையை வேதவாக்கியமாகப் போற்றுகிறார்கள். ஆனால் அதே அறிக்கை, வெறும் மென்சதைப் பகுதிகளினூடே மாத்திரம் செல்லுமானால் உறுதிகொண்ட பகைவனைத் தடுத்து நிறுத்தவல்ல குண்டு எந்தக் கைத்துப்பாக்கியிலும் இல்லையென்றும், அவ்வாறு நிறுத்த வேண்டுமானால் மூன்றங்குலப் பீரங்கிக் குண்டின் பருமன் வேண்டுமென்றும், ஆகையால் உயிர்நிலைகளைக் குறிவைத்து விரைந்தும் பிசகாமலும் சுடும்படி சிப்பாய்களை இடைவிடாமல் பழக்க வேண்டுமென்றும் சொல்கிறது. இந்தப் பகுதியை எடுத்துக்காட்டுகிற .45 பக்தரைக் காண்பது அரிது. வேதத்தில் தனக்கு வேண்டிய ருக்கை மாத்திரம் ஓதுகிறவன் வைதிகன் ஆகமாட்டான்.

ஷாங்காய் நகராட்சிப் போலீஸில் நெடுங்காலம் பணியாற்றிய ஃபேர்பேர்னும் சைக்ஸும், துப்பாக்கிச் சண்டையைப் போல மலிந்த காட்சி வேறில்லாத அந்நகரில் பார்த்ததையும் கேட்டதையும் வைத்து 1942-இல் ஒரு சிறு நூல் எழுதினார்கள். தடுக்கும் சக்தி பற்றி நிச்சயமான விதி எதுவும் தங்களுக்கு அகப்படவில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. விதி அகப்படாதவர்கள் என்ன செய்தார்கள்? இருளிலும், மாடிப்படியிலும், மூலை திரும்பும் இடத்திலும் சுடுவதற்குப் போலீஸ்காரர்களைப் பழக்கினார்கள்.

அமெரிக்காவிலேயே நடந்த ஒரு சம்பவத்தை இங்கே விரித்துச் சொல்வது தகும். 1950-களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் பிக் பேர் ஏரிக் கரையில், ஜெஃப் கூப்பர் என்ற முன்னாள் மரைன் படைவீரர் துப்பாக்கிப் போட்டிகளை நடத்தத் தொடங்கினார். கூப்பரைப் போல .45-இன் புகழ் பாடியவர் அந்நாட்டில் வேறொருவர் இல்லை. போட்டியாளர்களோ இடுப்பளவில் துப்பாக்கியை உருவி, குறி பாராமலே ஒரு கையால் மின்னல்போல் சுடுவதையே வித்தையென்று எண்ணியிருந்தார்கள். அங்கே ஜாக் வீவர் என்ற லாஸ் ஏஞ்சலிஸ் வட்டார ஷெரீப் உத்தியோகஸ்தர் வந்து சேர்ந்தார். அவர் கையிலிருந்தது சாதாரண .38 சுழல் துப்பாக்கி. இரு கைகளாலும் அதைப் பற்றி, கண்மட்டத்திற்கு உயர்த்தி, குறிமுனையைப் பார்த்துச் சுட்டார். மற்றவர்கள் அவரைவிட வேகமாகத் தவறவிட்டுக்கொண்டிருந்தார்கள். 1959-இல் வெற்றி அவருக்கே கிட்டியது. கூப்பர் நேர்மையாளர், கண்ணால் கண்டதை ஒப்புக்கொண்டு, பிற்காலத்தில் அரிஸோனாவில் தாம் நிறுவிய பள்ளியில் வீவரின் நிலையையே போதித்தார். ஒரு தலைமுறையின் சுடும் முறையையே மாற்றிய அந்த மனிதர் மாற்றிக்கொண்டது தம் கைகளை வைத்திருக்கும் விதத்தைத்தான். குண்டின் பருமனை அன்று.

1976-இல் மிஸௌரி மாகாணத்துக் கொலம்பியா நகரில் கூப்பர் முதலியோர் கூடிச் சர்வதேச நடைமுறைத் துப்பாக்கிப் போட்டிச் சம்மேளனத்தைத் தோற்றுவித்தபோது, பெரிய குண்டுக்கு ஒரு சலுகையும் வைத்தார்கள். அது எத்தகைய சலுகை என்று பாருங்கள். இலக்கின் நடுப் பகுதியில் பட்டால் பெரிய குண்டுக்கும் ஐந்து புள்ளி, சிறிய குண்டுக்கும் ஐந்து புள்ளி. நடுவை விட்டு விலகிப் பட்டால் மாத்திரம் பெரியதற்கு நான்கும் சிறியதற்கு மூன்றும். ஓரத்தில் பட்டால் பெரியதற்கு இரண்டும் சிறியதற்கு ஒன்றும். ஆகவே பெரிய குண்டினால் விளையும் நன்மை யாவும் குறி பிசகுகிறவனுக்கே என்பதைப் பெரிய குண்டின் ஆசாரியர்களே சட்டமாக எழுதி வைத்துவிட்டார்கள். நான் இதற்குமேல் என்ன வாதிக்க?

எதிர்க்கட்சியின் பிரம்மாஸ்திரம் மயாமி சம்பவம். 1986-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் தேதி, வங்கிக் கொள்ளைக்காரர்களான பிளாட், மேட்டிக்ஸ் என்னும் இருவரை எஃப்.பி.ஐ. முகவர் எண்மர் காரோடு கார் மோதி மடக்கினார்கள். சண்டையின் தொடக்கத்திலேயே ஒரு முகவரின் 9 மில்லிமீட்டர்க் குண்டு பிளாட்டின் வலது கையைத் துளைத்து மார்புக்குள் நுழைந்து நுரையீரலைச் சுருங்கவைத்து, இருதயத்தை எட்டுமுன் நின்றுவிட்டது. பிழைக்க முடியாத அந்தக் காயத்தோடு அவன் மேலும் சில நிமிஷம் சண்டையிட்டான். இரண்டு முகவர்கள் மாண்டார்கள், ஐவர் காயமடைந்தார்கள். அந்தக் குண்டு இன்னும் ஓரங்குலம் இரண்டங்குலம் சென்றிருந்தால் இவ்வளவு அனர்த்தம் நேர்ந்திராது என்று நிறுவனத்தார் முடிவு கட்ட, அதை 9 மில்லிமீட்டரின் மரண சாஸனமாகவே ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் குண்டின் ஊடுருவும் சக்தி போதவில்லை என்பதை நான் மறுக்கவில்லை. அதிலிருந்து பிறந்த ஒழுங்கையும், அதாவது பத்துச் சதவிகித ஜெலட்டின் பாளத்தில் குறைந்தது பன்னிரண்டு அங்குலம் குண்டு செல்ல வேண்டும் என்ற விதியையும், மெய்யான முன்னேற்றமாகவே மதிக்கிறேன். ஆனால் அது அந்த ஒரு தயாரிப்பின் குறை. 9 மில்லிமீட்டரிலேயே ஆழமாகச் செல்லும் கனமான குண்டு உண்டு, அதை நிறுவனத்தாரே இரண்டாண்டுக்குள் கைக்கொண்டார்கள். மேலும், முழுக் கதையையும் சொல்லட்டும். பிளாட்டின் கையிலிருந்தது ரைபிள்; முகவர்களில் பெரும்பாலோரிடம் இருந்தவை சுழல் துப்பாக்கிகள். உறையில் இருக்க வேண்டிய துப்பாக்கியை எடுத்துக் காரின் ஆசனத்தில் வைத்திருந்த இருவர், கார்கள் மோதியபோது அதைப் பறிகொடுத்தார்கள். குண்டு எத்தனை பெரியதாயிருப்பினும், காரின் மூலையில் உருண்டு கிடக்கும் துப்பாக்கியால் ஆவதென்ன? பிளாட்டின் உடலில் பட்ட குண்டுகள் மொத்தம் பன்னிரண்டு, மேட்டிக்ஸின் உடலில் ஆறு. கடைசியில் சண்டையை முடித்தவர் யார்? ரைபிள் குண்டினால் இடது முன்கை சிதைந்து கிடந்த எட்மண்டோ மிரெலஸ், ஒற்றைக் கையால் ஷாட்கன்னை இயக்கிச் சுட்டு, அது தீர்ந்ததும் எழுந்து தள்ளாடி நடந்து, கொள்ளைக்காரர்கள் இருந்த காரை அணுகித் தம் சுழல் துப்பாக்கியை ஆறு முறை சுட்டார். அந்தத் துப்பாக்கியில் இருந்தவை .38 ரவைகள். பிலிப்பைன் தீவில் கைவிடப்பட்ட அதே விட்டமுள்ள குண்டு, நுரையீரல் சுருங்கியும் வீழாத மனிதனை வீழ்த்தியது. ஏனெனில் அது போய்ப் பட வேண்டிய இடத்தில் போய்ப் பட்டது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எஃப்.பி.ஐ. கூடத்தை இடித்துக் கட்டப் புறப்பட்டது. முதலில் 10 மில்லிமீட்டர் ரவையைத் தேர்ந்தார்கள். அதன் முழு வேகத்தைப் பல முகவர்களின் கை தாங்காது என்று கண்டு வேகத்தைக் குறைத்தார்கள். வேகம் குறைந்த ரவைக்கு அவ்வளவு நீளமான கூடு எதற்கு என்று யோசித்துச் சுருக்கியதில் 1990-இல் .40 ரவை பிறந்தது; 10 மில்லிமீட்டர்ப் பிஸ்டலோ யந்திரக் கோளாறுகளால் நெடுநாள் நிலைக்கவில்லை. .40 நாடெங்கும் போலீஸ் இடுப்புகளில் ஏறியது. பிறகு 2014-இல் அதே நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவு, 9 மில்லிமீட்டருக்குத் திரும்ப வேண்டுமென்பதற்கான காரணங்களை எழுத்தில் வைத்தது: நல்ல தயாரிப்புகளுக்குள் காயத்தில் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை, சிறிய குண்டைச் சுடுகிறவர்களில் பெரும்பாலோர் விரைவாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள், போலீஸார் சண்டையில் சுடும் குண்டுகளில் நூற்றுக்கு எழுபது முதல் எண்பது வரை இலக்கைத் தவறிவிடுகின்றன. 2016-இல் 9 மில்லிமீட்டர்ப் பிஸ்டலுக்கு ஒப்பந்தமும் ஆயிற்று. நூற்றுக்கு எழுபத்தைந்து குண்டு சுவரிலும் வாகனத்திலும் வழிப்போக்கர் பக்கமும் போகும் ஒரு தேசத்தில், மீதி இருபத்தைந்தின் விட்டத்தைப் பற்றி மூன்று தலைமுறை சண்டையிட்டது விநோதமே.

‘நன்றாகப் பழகவும் செய்வோம், பெரிய குண்டையும் வைத்துக்கொள்வோம், இரண்டுக்கும் என்ன விரோதம்?’ என்று சிலர் சமரசம் பேசுவதுண்டு. விரோதம் இருக்கிறது. பெரிய ரவையின் விலை அதிகம், ஆகவே பழகுவது குறையும். பிரௌனிங்கின் பிஸ்டல் மேகசினில் ஏழு ரவை. 9 மில்லிமீட்டர்ப் பிஸ்டல்களில் பதினைந்தும் அதற்கு மேலும் கொள்ளும். இவற்றைவிட முக்கியமானது உதைப்பு. துப்பாக்கி உதைக்கும் என்று எதிர்பார்க்கிற கை, விசை இழுபடுகிற அந்த நொடியில் தன்னையறியாமலே குழலைக் கீழே அழுத்திவிடுகிறது. இது கோழைத்தனம் அன்று, உடம்பின் சுபாவம். அநுபவமுள்ள ஆசிரியர்கள் இதைக் கண்டுபிடிக்க ஓர் உபாயம் வைத்திருக்கிறார்கள்: மாணவன் அறியாதபடி மேகசினில் நல்ல ரவைகளுக்கிடையே மருந்தில்லாத போலி ரவையைக் கலந்துவிடுவார்கள். வெடி வெடிக்கையில் குழல் எகிறுவதில் மறைந்துபோகும் பிழை, போலி ரவை வரும்போது பட்டவர்த்தனமாகிவிடும். வெடிக்காத துப்பாக்கியின் மூக்கு தலை குனிந்து நிலத்தைப் பார்க்கும். பார்க்கிற மாணவன் வெட்கத்தால் சிவந்துபோவான். இந்தக் குற்றத்திற்குச் சிகிச்சை ரவையே இல்லாமல் பழகுவது: துப்பாக்கியை வெறுமையாக்கி, ரவைகளை வேறு அறையில் வைத்துவிட்டு, வெறுமையா என்று மறுபடியும் பார்த்துக்கொண்டு, பத்திரமான சுவரை நோக்கிக் குறிமுனை அசையாதபடி விசையை இழுத்து இழுத்துப் பழகுவது. இதற்கு ஒரு காசும் செலவில்லை. செலவில்லாத காரணத்தினாலேயே எந்தப் பத்திரிகையும் இதற்கு விளம்பரம் வெளியிடுவதில்லை என்று நான் சந்தேகிக்கிறேன்.

பயிற்சிக் கட்சியிலும் கட்டுக்கதை இல்லாமலில்லை. 1970 ஏப்ரலில் கலிபோர்னியாவின் நியூஹாலில் நெடுஞ்சாலைப் போலீஸார் நால்வர் கொல்லப்பட்டபோது, அவர்களில் ஒருவர் பயிற்சிக்கூடப் பழக்கத்தால் வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டே மாண்டார் என்று பல ஆண்டு போதிக்கப்பட்டது. பிற்காலத்தில் ஆவணங்களைப் பரிசோதித்தவர்கள் அது உண்மையன்று, தோட்டாக்கள் தரையிலேயே கிடந்தன என்று காட்டினார்கள். மாண்டவர்மேல் பழி சுமத்திப் பாடம் புகட்டுவது எந்தக் கட்சிக்கும் அழகன்று.

உபகரணங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எண்ணற்ற பைகள் தைத்த அங்கி, விளக்கு, லேஸர், செம்புள்ளிக் குறிக்கருவி என்று இன்று கடையில் அடுக்கியிருப்பவற்றில் சில உபயோகமானவையே. வயதேறிய கண்ணுக்குச் செம்புள்ளி பேருதவி, இருளில் எதிரே நிற்பவர் யாரென்று அறியாமல் சுடுவது மகாபாதகம் என்பதால் விளக்கும் வேண்டியதே. ஆனால் இவற்றை வாங்கிக் குவிப்பவர்களில் எத்தனை பேர், ரத்தப்பெருக்கைத் தடுக்கும் டூர்னிக்கெட் பட்டையொன்றை வாங்கி, அதை ஒற்றைக் கையால் கட்டிப் பழகியிருக்கிறார்கள் என்று கேட்டால் சபை மௌனமாகிவிடும்.

தாம்ப்ஸனும் லகார்டும் எந்த ராணுவத்திற்காக மாடுகளைச் சுட்டுப் பார்த்தார்களோ, அந்த ராணுவம் 1985-இல் .45-ஐ விட்டு 9 மில்லிமீட்டருக்கு மாறியது. 2017-இல் மறுபடியும் புதுப் பிஸ்டலைத் தேர்ந்தபோதும் 9 மில்லிமீட்டரையே தேர்ந்தது. இனி எவரேனும் 1904-ஆம் ஆண்டின் அறிக்கையைக் காட்டிப் பெரிய குண்டின் மகிமையைப் பேச வந்தால், சிப்பாய்களை இடைவிடாமல் பழக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும் பகுதியையும் சேர்த்து வாசிக்கும்படி அவரைத் தயவுசெய்து கேளுங்கள்.